காற்றையும் கதிரையும் அளந்த அன்னா மணி
(காஞ்சிபுரம் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

     

நம் சங்கம் 25 ஆண்டுகளை நிறைவு செய்திருக்கின்றது. இத்தகைய விழாக்களில் நம் சமுதாயத்துக்கு உழைத்த பெருமக்களின் வரலாற்றைப் பேசுவது நம் வழக்கம். அயோத்திதாசப் பண்டிதரையும், இந்தச் செங்கற்பட்டுச் சீமை ஈன்ற இரட்டைமலை சீனிவாசனாரையும், அண்ணல் அம்பேத்கரையும் நாம் பலகாலும் நினைவு கூர்ந்திருக்கிறோம். இன்று நம்மில் பலர் கேள்வியுற்றிராத ஒரு பெயரை உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். அவர் நம் சமுதாயத்தில் பிறந்தவர் அல்லர். அரசியல் மேடைகளில் தோன்றியவரும் அல்லர். வானிலை ஆய்வுத் துறையில் ஏறத்தாழ 28 ஆண்டுகள் அமைதியாகப் பணியாற்றியவர். ஆயினும், இந்நாட்டில் கதிரவன் ஒளியிலிருந்தும் காற்றிலிருந்தும் மின்சாரம் எடுக்கலாம் என்னும் கொள்கை எந்த எண்களின்மேல் எழுந்து நிற்கின்றதோ, அந்த எண்களைத் திரட்டித் தந்தவர் அவர். அவர்தான் அன்னா மணி.

மின்சாரம் வேண்டும் என்று கேட்பது கோரிக்கை. எவ்விடத்தில், எவ்வளவு, என்ன விலைக்கு, எவருக்கு முதலில் என்று வரையறுப்பது கொள்கை. கோரிக்கை எழுப்பக் குரல் போதும். கொள்கை வகுக்கக் கணக்கு வேண்டும். இந்த உண்மையை நம் நெசவாளருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பாவில் எத்தனை இழை, ஊடையில் எத்தனை, ஜரிகை எவ்வளவு என்று கணக்கிட்ட பிறகே தறியில் சேலை ஏறுகின்றது. கோர்வைச் சேலையில் கரையும் உடலும் சேரும் இடத்தில் கணக்குப் பிசகினால், அப்பிழை சேலை முழுவதிலும் கண்ணுக்குத் தெரியும். ஒரு சேலைக்கே இவ்வளவு கணக்கு வேண்டுமென்றால், ஒரு நாட்டுக்கு மின்சாரம் நெய்வதற்கு எவ்வளவு கணக்கு வேண்டும்!

அளவு என்னும் சொல்லுக்கு நம் சமுதாயத்தின் நினைவில் வேறொரு பொருளும் உண்டு. கழனியில் அறுத்துக் கட்டிச் சுமந்தவர் நம் முன்னோர். களத்தில் கூலி நெல்லை அளந்தவர் வேறொருவர். வாங்குவதற்கு ஒரு மரக்கால், கொடுப்பதற்குச் சிறிய மரக்கால் என்று தமிழகத்துக் களங்களில் நடந்த கொடுமையை நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். நெல் குறைந்தது உழைப்பின் குறையால் அன்று. மரக்கால் நம் கையில் இல்லாத குறையால். இந்த எண்ணத்தை மனத்தில் நிறுத்திக்கொண்டு அன்னா மணியின் வாழ்க்கையைப் பார்ப்போம்.

அவர் 1918ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள், அந்நாளைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் பீர்மேட்டில் பிறந்தார். தந்தையார் பொறியாளர், ஏலக்காய்த் தோட்டங்களுக்கு உரிமையாளர். வசதி படைத்த சிரியன் கிறித்தவக் குடும்பம். பசியும் கடனும் அவர் அறியாதவை. இதை நாம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நம் வீட்டுப் பெண் பள்ளி வாயிலை எட்டுவதற்குக் கடக்க வேண்டிய தடைகள் பல. அவற்றுட் பெரும்பாலானவை அவருக்கு இருந்ததில்லை. ஆனால் வசதியான வீடுகளிலும் அக்காலத்தில் படிப்பு ஆண்மக்களுக்கே உரியதாயிருந்தது. பெண்களுக்குத் திருமணமும் நகையும் போதுமென்று கருதப்பட்டது. எட்டாம் பிறந்தநாளில் வழக்கப்படி வைரத்தோடு கொடுக்க வந்தபோது, அது வேண்டாம், பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியம் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டவர் அச்சிறுமி. பன்னிரண்டு வயதுக்குள் ஊர் நூலகத்தில் இருந்த மலையாள, ஆங்கில நூல்களில் பெரும்பாலானவற்றைப் படித்து முடித்துவிட்டார்.

அவருடைய இளமைக்கும் நம் வரலாற்றுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1924ஆம் ஆண்டு மார்ச்சு 30ஆம் நாள் வைக்கம் போராட்டம் தொடங்கிற்று. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் தாழ்த்தப்பட்ட மக்கள் நடக்கும் உரிமைக்காக நடந்த போராட்டம் அது. தந்தை பெரியார் அங்குச் சென்று இருமுறை சிறைப்பட்டதை நாம் அறிவோம். 1925இல் காந்தியடிகள் வைக்கத்துக்கு வந்தார். அப்பொழுது அன்னா மணிக்கு ஏழாம் வயது நடந்துகொண்டிருந்தது. அந்த நிகழ்ச்சி அச்சிறு உள்ளத்தில் ஆழப் பதிந்தது. அதன்பின் அவர் கதராடையே உடுத்தலானார். அதே 1925ஆம் ஆண்டின் நவம்பரில்தான், நம் காஞ்சிபுரத்தில் கூடிய காங்கிரசு மாநாட்டில், வகுப்புவாரி உரிமைத் தீர்மானம் மறுக்கப்பட்டதும் பெரியார் வெளியேறினார். தெருவில் நடக்கும் உரிமையும், பதவியில் பங்கு பெறும் உரிமையும் ஒரே ஆண்டில் கேட்கப்பட்ட காலம் அது.

அன்னா மணி கல்லூரிப் படிப்புக்குச் சென்னைக்கு வந்தார்; மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்றார். பின்னர் 1940இல் உதவித்தொகை பெற்றுப் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில், சர் சி.வி. இராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். நகையாக வேண்டாம் என்று மறுத்த வைரம், அங்கு அவருக்கு ஆராய்ச்சிப் பொருளாக வந்து சேர்ந்தது! வைரத்தின் வழியாகவும் மாணிக்கத்தின் வழியாகவும் ஒளி எவ்வாறு பாய்கின்றது, எவ்வாறு சிதறுகின்றது என்று ஆராய்ந்தார். ஒரு நிழற்படத் தகட்டில் அவ்வொளியைப் பதிவு செய்ய 15 முதல் 20 மணி நேரம் வரை காத்திருக்க வேண்டும். இரவு முழுதும் கருவியின் அருகிலேயே விழித்திருப்பார். 1942 முதல் 1945 வரை தாமே எழுதிய ஐந்து ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டார். 1945இல் முனைவர் பட்டத்துக்குரிய ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்.

பட்டம் கிடைக்கவில்லை. அவர் எம்.எஸ்ஸி. பட்டம் பெற்றிருக்கவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். ஆய்வில் குறை காட்டப்படவில்லை. கட்டுரைகள் பொய்யென்று எவரும் கூறவில்லை. ஒரு தாள் இல்லாமையால் மற்றொரு தாள் மறுக்கப்பட்டது. அந்த ஆய்வேடு பெங்களூர் இராமன் ஆராய்ச்சி நிலையத்தின் நூலகத்தில் இன்றும் இருக்கின்றது.

தோழர்களே! இந்த இடத்தில் நாம் சற்று நின்று எண்ண வேண்டும். சாதிச் சான்றிதழுக்காகவும், வருமானச் சான்றிதழுக்காகவும், மாற்றுச் சான்றிதழுக்காகவும் அலுவலக வாயில்களில் நின்ற மக்கள் நாம். ஒரு தாள் இல்லாமையால் ஓராண்டு வீணான பிள்ளைகள் நம் தெருக்களில் உண்டு. ஆகையால் அன்னா மணிக்கு நேர்ந்தது நமக்கு எளிதில் விளங்கும். ஆனால் அவர் அதன்பின் என்ன செய்தார் என்பதே நமக்குப் பாடம். அவ்விழப்பை அவர் பெரிதுபடுத்திப் பேசியதில்லை. அதே 1945ஆம் ஆண்டில் அரசு உதவித்தொகை ஒன்று கிடைத்தது. இயற்பியல் ஆராய்ச்சிக்கென்றே இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் அவருக்கு இடம் இருந்த பிரிவோ வானிலைக் கருவியியல். வைரத்தை விட்டு மழைமானிக்கும் காற்றுமானிக்கும் இறங்குவதா என்று அவர் தயங்கவில்லை. கிடைத்த துறையை முழுமையாகக் கற்றுக்கொண்டார். அந்தத் துறையே பிற்காலத்தில் நாட்டின் எரிசக்திக் கொள்கைக்கு வாயிலாயிற்று.

1948இல் விடுதலை பெற்ற இந்தியாவுக்குத் திரும்பி, புனேயில் இந்திய வானிலை ஆய்வுத் துறையில் சேர்ந்தார். அந்நாளில் நம் நாட்டின் நிலை எப்படியிருந்தது? மழையை அளக்கும் எளிய கருவிகூட வெளிநாட்டிலிருந்தே வரவேண்டியிருந்தது. கருவிகளை இங்கேயே செய்வதென்று துறை முடிவு செய்தது. ஏறத்தாழ 100 வகை வானிலைக் கருவிகளுக்கு வரைபடங்களைச் செப்பம் செய்து, அவற்றை உருவாக்கும் பணியில் அன்னா மணி முன்னின்றார். 1953இல் அப்பிரிவின் தலைவரானார். அவருக்குக் கீழ் 121 ஆடவர் பணியாற்றினர். எழுபதாண்டுகளுக்கு முன் ஓர் இயந்திரப் பட்டறையில் 121 ஆடவருக்குத் தலைவராக ஒரு பெண் இருந்தார் என்பதை நம் மாணவியர் குறித்துக்கொள்ளட்டும்.

அவர் கொண்டிருந்த கோட்பாடு ஒன்று உண்டு. அளவு இல்லாமல் இருப்பதைவிடத் தவறான அளவு கேடானது என்பதே அது. அளவு இல்லாதவன் தனக்குத் தெரியாது என்பதையாவது அறிவான். தவறான அளவை நம்பியவன் அதன்மேல் வீடு கட்டிவிடுவான். ஆகவே ஒவ்வொரு கருவியையும் மூலக் கருவியோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பின்னரே வெளியே அனுப்பச் செய்தார். கடைத் தராசை முத்திரையிட்ட படிக்கல்லை வைத்துச் சோதிப்பது போன்றது இது. படிக்கல் பொய்யானால், அதன்பின் நடக்கும் வாணிகம் முழுவதும் பொய்யாகும் அன்றோ!

1957-58ஆம் ஆண்டுகள் அனைத்துலகப் புவி இயற்பியல் ஆண்டாகக் கொண்டாடப்பட்டன. பல நாட்டு அறிவியலாளர் ஒன்றுகூடிப் பூமியையும் வானையும் ஒரே காலத்தில் அளந்தனர். அத்தருணத்தைப் பயன்படுத்திக்கொண்டு, இந்தியாவில் கதிரவன் வீச்சை அளக்கும் நிலையங்களின் வரிசை ஒன்றை அன்னா மணி அமைத்தார். கதிரவன் வீச்சை அளக்கும் கருவி எவ்வாறு வேலை செய்கின்றது? கருமை பூசிய ஒரு தகடு வெயிலை உறிஞ்சிச் சூடேறும். சூடேறிய பகுதிக்கும் சூடேறாத பகுதிக்கும் உள்ள வேறுபாடு மிக நுண்ணிய மின்னோட்டத்தை உண்டாக்கும். அந்த மின்னோட்டத்தை அளந்தால் வெயிலின் வலிமை தெரியும். இவ்வாறு நாள்தோறும், மணிதோறும் அளந்து ஆண்டுக்கணக்கில் தொகுத்தால்தான், ஓரிடத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் எவ்வளவு ஆற்றல் வந்து விழுகின்றது என்று கூற முடியும். நம் நாட்டின் பெரும்பகுதியில் அது நாளொன்றுக்கு 4 முதல் 7 யூனிட் வரை இருக்கின்றது. இன்று நாம் எளிதாகச் சொல்லும் இந்த ஒரு வரிக்குப் பின்னே பல்லாண்டுப் பதிவேடுகள் இருக்கின்றன.

1963இல் விக்கிரம் சாராபாய் கேட்டுக்கொண்டதற்கிணங்க, தும்பா ஏவுதளத்தில் வானிலைக் கூடத்தையும் கருவிக் கோபுரத்தையும் நிறுவினார். வானத்தில் உயரே உள்ள ஓசோன் படலத்தை அளக்க, பலூனில் கட்டிப் பறக்கவிடும் கருவியை அவர் குழுவினர் இந்தியாவிலேயே செய்தனர். அத்தகைய கருவியைத் தாமே செய்த நாடுகள் அந்நாளில் மிகச் சில. ஓசோனைக் காக்க உலக நாடுகள் மாண்ட்ரியலில் உடன்படிக்கை செய்தது 1987இல். அதற்கு இருபதாண்டுகளுக்கு முன்னரே அன்னா மணி அதை அளக்கக் கருவி செய்துகொண்டிருந்தார். அளப்பவர் முன்னே செல்கிறார். கொள்கை வகுப்பவர் பின்னே வருகின்றனர்.

1976இல் துணைத் தலைமை இயக்குநராக அவர் ஓய்வு பெற்றார். பலருக்கு ஓய்வு என்பது சாய்வு நாற்காலி. அவருக்கோ பெரும்பணி அதன் பின்னரே தொடங்கிற்று. 1973இல் எண்ணெய் விலை பல மடங்கு உயர்ந்து உலகத்தையே உலுக்கியிருந்தது. நிலக்கரியும் எண்ணெயும் மட்டுமே வழியா, வேறு ஆற்றல் இல்லையா என்று அரசுகள் தேடத் தொடங்கிய காலம் அது. அக்கேள்விக்கு மேடைப் பேச்சு விடையாகாது, அட்டவணைதான் விடையாகும். 1980இல் இந்தியக் கதிர்வீச்சுத் தரவுகளின் கையேட்டை அன்னா மணி வெளியிட்டார். அதனை அடுத்து, இந்தியாவின்மீது விழும் கதிர்வீச்சைப் பற்றிய விரிவான நூலும் வந்தது. எந்த ஊரில், எந்த மாதத்தில், எந்த மணியில் எவ்வளவு வெயில் என்பதை ஒரு பொறியாளர் அவற்றைப் புரட்டிப் பார்த்து அறிந்துகொள்ளலாம். 1982இல் நடுவண் அரசில் மரபுசாரா எரிசக்திக்கென்று தனித்துறை அமைக்கப்பட்டது. அது 1992இல் தனி அமைச்சகம் ஆயிற்று. இவை தோன்றிய காலத்திலேயே அன்னா மணியின் எண்கள் ஆயத்தமாய் இருந்தன.

பிறகு காற்றின் பக்கம் திரும்பினார். காற்றைப் பற்றிய ஒரு கணக்கை மாணவர்கள் நினைவில் வைக்க வேண்டும். காற்றின் வேகம் இருமடங்கானால், அதிலிருந்து கிடைக்கும் ஆற்றல் எண்மடங்காகும். ஆகவே வேகத்தை அளப்பதில் பத்தில் ஒரு பங்கு பிழை நேர்ந்தால், ஆற்றலின் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு பிழை நேரும். மூன்று காற்றாலை ஓடும் என்று நம்பிப் பணம் போட்டவனுக்கு இரண்டுக்குரிய வருமானமே கிடைக்கும். இதனால்தான் காற்றாலை நடுவதற்கு முன் கம்பம் நட்டு, கிண்ணக் காற்றுமானி பொருத்தி, ஓராண்டுக்குக் குறையாமல் அளக்கின்றனர். அன்னா மணியின் முயற்சியால் நாடெங்கும் 700க்கு மேற்பட்ட இடங்களில் காற்று அளக்கப்பட்டது. காற்றையும் வெயிலையும் அளக்கும் கருவிகளைச் செய்ய அவர் பெங்களூரில் ஒரு சிறு பட்டறையும் நடத்தினார்.

இதன் பயனைத் தமிழ்நாடு பெரிதும் துய்த்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி என்னும் கணவாய்கள் இருக்கின்றன. தென்மேற்குப் பருவக் காற்று அவ்வழியே நெருக்குண்டு விரைந்து வீசுகின்றது. 1986இல் தூத்துக்குடியில் காட்சிக்காக ஒரு காற்றாலைப் பண்ணை நிறுவப்பட்டது. பின்னர் முப்பந்தலில் காற்றாலைகள் காடுபோல் எழுந்தன. இன்று தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டி நிற்கின்றது. கதிரவன் மின்சாரத்துக்கு 2010இல் தேசிய இயக்கம் தொடங்கப்பட்டது. 2025இன் தொடக்கத்தில் நாட்டின் கதிரவன் மின்திறன் 1,00,000 மெகாவாட்டைக் கடந்தது. அன்னா மணி இவற்றின் முழு வளர்ச்சியைக் காணவில்லை. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் திருவனந்தபுரத்தில் அவர் மறைந்தார்.

பெரியோர்களே! மின்சாரக் கொள்கை என்றதும், அது நமக்குத் தொலைவான பொருள் என்று எவரும் எண்ண வேண்டா. இந்நாட்டின் மின்சாரக் கொள்கைக்கு அடிகோலியவருள் ஒருவர் நம் அண்ணல். 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்த டாக்டர் அம்பேத்கரின் பொறுப்பில் பாசனமும் மின்சாரமும் இருந்தன. 1943இல் மின்சாரக் கொள்கைக் குழுவின் முன் அவர் உரையாற்றினார். மலிவாகவும் தட்டின்றியும் மின்சாரம் கிடைத்தாலன்றித் தொழில் வளராது, தொழில் வளர்ந்தாலன்றி ஏழையின் வறுமை நீங்காது என்பது அவர் கருத்து. 1944இல் அமைந்த மத்திய மின்சாரத் தொழில்நுட்ப வாரியம் அவர் காலத்துப் பணி. மின்சாரம் எவருக்காக என்று அம்பேத்கர் கேட்டார். எங்கே எவ்வளவு என்று அன்னா மணி அளந்தார். இவ்விரண்டு கேள்விகளில் ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு விடை காண்பது அரைகுறை வேலையாகவே முடியும்.

ஏன் என்கிறீர்களா? நம் மாவட்டத்தின் வரலாற்றிலேயே விடை இருக்கின்றது. இன்றைய காஞ்சிபுரம் அன்று அடங்கியிருந்த செங்கற்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் டிரமென்கீர், 1891இல் அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். நம் மக்களின் குடியிருப்பு, நிலமின்மை, கூலி, கடன், கல்வியின்மை ஆகியவற்றை அவர் ஆராய்ந்து எழுதியிருந்தார். அதன் விளைவாக 1892இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. மாகாணத்தில் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் நிலம் நம் மக்களுக்கென ஒதுக்கப்பட்டது என்பர். நம் துயரம் அளந்து எழுதப்பட்டதால் நிலம் வந்தது. அந்த நிலத்தில் எவ்வளவு இன்று நம் கையில் இருக்கின்றது? பட்டா எங்கே, புல எண் என்ன, எவர் பெயரில் மாறிற்று என்று கணக்கு வைத்துக் காக்கும் வலிமை நம்மிடம் இல்லாததால் பெரும்பகுதி கைமாறிற்று. 1994இல் காரணையில் பஞ்சமி நிலம் கேட்டு எழுந்த போராட்டத்தில் நம் இளைஞர் இருவர் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையாயினர்.

இப்பொழுது புதிய எரிசக்தி வருகின்றது. நாம் அதை வரவேற்க வேண்டும். நிலக்கரிப் புகையும் வெப்பமும் முதலில் தாக்குவது ஓட்டு வீட்டையும் கூரை வீட்டையும்தான். மழை மிகும்போது குழித்தறியில் நீர் நின்று வேலை கெடுவதும், வெயில் மிகும்போது கழனிக் கூலி வேலை தடைப்படுவதும் நம் வீடுகளில்தான். ஆனால் ஒரு மெகாவாட் கதிரவன் மின்சாரத்துக்கு நான்கு ஐந்து ஏக்கர் நிலம் வேண்டும். அந்த நிலம் எங்கிருந்து வரும்? மேய்ச்சல் வெளியா, தரிசா, எவரும் கணக்குக் கேட்காத பஞ்சமி நிலமா? கூரையில் தகடு பொருத்த அரசு மானியம் தருகின்றது. சொந்தக் கூரையும் பட்டாவும் இல்லாத வீட்டுக்கு அம்மானியம் எவ்வாறு வந்து சேரும்? இக்கேள்விகளை நாம் கேட்க வேண்டும். வெறுங்குரலாகக் கேட்டால் காற்றோடு போகும். அட்டவணையோடு கேட்டால் கோப்பில் ஏறும்.

ஆகையால் நம் இளைஞர்களை வேண்டுகிறோம். கணக்கும் இயற்பியலும் நமக்கு வரா என்னும் எண்ணத்தை விட்டொழியுங்கள். ஆயிரக்கணக்கான இழைகளைப் பிசகாமல் கோக்கும் கைகள் இவ்வூரில் உள்ளன. அக்கைகளுக்குக் கணக்கு எட்டாப் பொருள் ஆகாது. பட்டப்படிப்பு மட்டுமே வழி என்பதும் இல்லை. தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்பணியாளர் பயிற்சி பெற்றவர்க்கும் காற்றாலையிலும் கதிரவன் மின்நிலையத்திலும் வேலை உண்டு. காற்றாற்றலுக்கென்று நாட்டிற்கே தலைமையான ஆராய்ச்சி நிறுவனம், தேசியக் காற்றாற்றல் நிறுவனம், நம்மிடமிருந்து தொலைவில் இல்லை. சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கின்றது. அதன் வாயிலுக்குள் நம் பிள்ளைகள் காவலராக மட்டும் செல்லாமல் ஆய்வாளராகவும் செல்ல வேண்டும்.

தாய்மார்களுக்கும் ஒரு சொல். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் பெண்ணைத் தொழிற்சாலைப் பேருந்தில் ஏற்றிவிடும் வழக்கம் நம் ஊர்களில் பெருகி வருகின்றது. மாதச் சம்பளம் வீட்டுக்கு வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. அரிசி விலையை அறிந்துதான் பேசுகிறோம். ஆனால் மூன்றாண்டு பொறுத்தால் அந்தப் பெண்ணின் வாழ்வு வேறு தளத்துக்கு ஏறும். அந்த மூன்றாண்டைத் தாங்கிக்கொள்வதற்காகவே இச்சங்கம் இருக்கின்றது. தோட்டை மறுத்துப் புத்தகம் கேட்ட சிறுமியின் கதை வசதியான வீட்டில் நடந்தது. நம் வீட்டில் அந்தத் தோடு அடகுக் கடையில் இருக்கலாம். அதை மீட்கும் முன் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டிய தாய்மார் இந்த அவையிலேயே இருக்கிறார்கள். அவர்களை வணங்குகிறோம்.

நிறைவாக, சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோள். இவ்வெள்ளி விழாவின் நினைவாகச் சிலையோ வளைவோ வேண்டா. சங்கத்தின் படிப்பகத்து முற்றத்தில் ஒரு மழைமானி வையுங்கள். அதற்கு ஆகும் செலவு ஒரு விழாப் பந்தலின் செலவில் சிறு பங்குகூட ஆகாது. வானிலைத் துறையினர் ஒவ்வொரு நாளும் காலை 8.30 மணிக்கு மழையின் அளவைக் குறிக்கின்றனர். அதே நேரத்தில் நம் மாணவியர் இருவர் முறை வைத்து அளந்து பதிவேட்டில் எழுதட்டும். மற்றொரு பதிவேட்டில், நம் குடியிருப்பில் எத்தனை தெருவிளக்கு எரிகின்றது, மின்சாரம் எத்தனை மணி நேரம் நின்றது, மழைநீர் எத்தனை தறிக்குழியில் புகுந்தது என்று குறித்து வரட்டும். மூன்றாவது பதிவேடு நம் நிலங்களின் புல எண்களுக்கு. ஒரு நாளும் விடாமல், ஓர் எண்ணும் கூட்டாமல் குறைக்காமல் எழுத வேண்டும். தவறான அளவு கேடானது என்ற அன்னா மணியின் கோட்பாட்டை முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

ஐந்தாண்டு கழித்து அப்பதிவேடுகளைக் கையில் ஏந்தி நம் பெண்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குச் செல்லட்டும். அன்று அவர்கள் மனுக்கொடுக்கும் கூட்டத்தில் ஒருவராக நிற்கமாட்டார்கள். எதிரே அமர்ந்து கணக்குப் பேசுவார்கள். மரக்கால் நம் கைக்கு வர வேண்டும். அதற்கான கல்வியைத் தந்துவரும் இச்சங்கம் பொன்விழாக் காண்க! பல்லாண்டு வாழ்க!